தீப்பெட்டியில் வந்த சாம்பிள்

போன மாதம் நான் வேலை பார்த்த லேபில் சாமான்களை ஒழித்தார்கள். புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். பேதியாகிற குழந்தையின் மலத்தில் துளியூண்டு உள்ளே வைத்து மூடினால், எந்தக் கிருமி இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகக் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடுமாம். அந்த மிஷினுக்கு இடம் பண்ண என் பழைய மேஜையைக் காலி செய்தபோது இழுப்பறை மூலையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்திருக்கிறது. இப்போது அங்கே டெக்னீஷியனாக இருக்கும் பெண் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இது உங்களுதுன்னு சொல்றாங்க. இது எதுக்கு சார்?" என்று கேட்டிருந்தாள்.

என்னுடையதுதான். எதற்கு என்பதைக் கட்டை விரலால் தட்டிச் சொல்லி முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் நான். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். படித்தேன், பாஸ் பண்ணினேன், ஆர்டர் வந்தது. எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரத்தப் பிரிவை ஒருவரும் சிறுநீர்ப் பிரிவை இன்னொருவரும் பிடித்துக்கொண்டார்கள். மீந்தது மலப் பிரிவு. எனக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளைக்கு மைக்ராஸ்கோப்பில் வேலை என்று தரகர் சொல்லி வைத்தார். அந்த மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்ப்பார் என்று என் மாமனார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் பிரம்மச்சாரிதான்.

மலப் பிரிவுக்கு ஒரு ஜன்னல் உண்டு. காலை எட்டு மணியிலிருந்து அங்கே சீட்டும் சாம்பிளுமாக ஜனங்கள் நிற்பார்கள். சாம்பிள் எதில் வரும் என்று சொல்ல முடியாது. போட்டோ ஸ்டுடியோவில் வீசி எறியும் பிலிம் ரோல் டப்பா, பவுடர் டப்பாவின் மூடி, சுண்ணாம்பு டப்பா, பாலிதீன் பை. ஆனால் நூற்றுக்கு எண்பது தீப்பெட்டி. உழவர்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வருவார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் பீடி பற்றவைக்க ஒரு தடவை தீப்பெட்டி கேட்டு, இவர் மறதியில் எடுத்துக் கொடுத்துவிட்ட கதை எங்கள் லேபில் பல வருடம் ஓடியது.

குழந்தைக்கு ஏன் பேதியாகிறது என்பதற்கு ஜன்னலில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும். பல் முளைக்கிறது, கண் பட்டிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் டாக்டர்களிடம் அத்தனை காரணங்கள்கூட இல்லை. அமீபா என்று ஒரு மருந்து, இல்லாவிட்டால் இன்னொரு மருந்து, முடிந்தது. உண்மையில் சின்னக் குழந்தைகளின் வயிற்றைப் பிடுங்குகிற கிருமிகளில் பெரிய ஆள் ரோட்டா வைரஸ். அது எங்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது. தெரிகிறவற்றையாவது நாங்கள் பார்த்தோமா என்றால், அங்கேதான் ஸ்டாம்ப் வருகிறது.

முறைப்படி எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் டப்பாவைத் திறந்து வெறும் கண்ணால் பார்க்க வேண்டும்: கெட்டியா, தண்ணீரா, என்ன நிறம், ரத்தம் உண்டா, சளி உண்டா. பிறகு ஒரு கண்ணாடிச் சிலைடில் இடது பக்கம் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, வலது பக்கம் அயோடின் ஒரு சொட்டு. ஈர்க்குச்சி நுனியில் கடுகளவு எடுத்து இரண்டிலும் கரைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு சாம்பிளுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். எனக்கு ஒரு நாளைக்கு அறுபது வரும். பதினோரு மணிக்கு டீ.

ஆகவே நேரு வீதியில் ஒரு கடையில் என் சொந்தச் செலவில் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். ஆங்கிலத்தில் ஆறு வரி. நிறம் மஞ்சள், கெட்டி, ரத்தம் இல்லை, சளி இல்லை, புழு முட்டை இல்லை, அமீபா இல்லை. பத்தில் ஒன்றைத் திறந்து பார்ப்பேன். மற்ற ஒன்பதுக்கும் டம் டம் என்று குத்து. பத்து மணிக்குள் டேபிள் காலி. சுறுசுறுப்பான ஊழியர் என்று எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதுவும் ஸ்டாம்ப் குத்தியதுதான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, எங்கள் லேபுக்குத் தலைமையாக டாக்டர் மர்கெரீத் வந்தார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். பிரெஞ்சுக் குடும்பம் என்று ஊரில் சொல்வார்களே, அந்த மாதிரி; தமிழர்கள்தான், கூடப்பிறந்தவர்கள் எல்லாம் பிரெஞ்சுப் பிரஜைகளாகிப் பாரீசில். இவர் மட்டும் இந்திய பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்கிவிட்டார். எல்லோருக்கும் அவர் மதாம். குரலை உயர்த்த மாட்டார். பெருக்குகிறவரையும் வாங்க போங்க என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

வந்த அன்றைக்கே சொன்னார்: "முதல்ல கண்ணு, அப்புறம்தான் லென்ஸ். டப்பாவத் திறக்காம யாரும் எதையும் எழுதக் கூடாது." எல்லோரும் தலையாட்டினோம். எல்லோரையும்விட நன்றாக ஆட்டியவன் நான்.

அதே வாரம் ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பேரனின் மலத்தைப் பிரான்சிலிருந்து வந்த ஜாம் பாட்டிலில் போட்டு, லேபிள்கூடக் கிழிக்காமல் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். "என் பேரன் பிரெஞ்சு சித்துவாயேன். ரிப்போர்ட்டு பிரெஞ்சுல வேணும்" என்றார். சித்துவாயேன் என்றால் பிரஜை. எங்கள் கிருமிகளுக்குத் தமிழே சரியாக வராது என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் நின்றிருந்த மதாம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுதான் டப்பா. உள்ள இருக்கறது வெளிய தெரியுது. இனிமே தீப்பெட்டி வாங்காதீங்க" என்றார்.

எனக்கு உடனே ஏழைகள் மேல் அக்கறை வந்துவிட்டது. "ஏழ ஜனங்க ஜாம் பாட்டிலுக்கு எங்க போவாங்க, மதாம்?" என்றேன். உருக்கமாகத்தான் சொன்னேன். தீப்பெட்டியைத் திறக்காமல் இருக்கலாம், கண்ணாடி டப்பாவில் இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் என் உருக்கத்தின் காரணம். மதாம் கண்ணாடி டப்பாவுக்கு இண்டென்ட் எழுதி மேலே அனுப்பினார். அது வர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நிம்மதியாக இருந்தேன்.

இனிமேல் வருவதுதான் நான் சொல்ல உட்கார்ந்த விஷயம்.

ஒரு திங்கட்கிழமை, முத்தியால்பேட்டையிலிருந்து ஷமீமா என்று ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரர் தையல்கடை வைத்திருப்பவர். எட்டு மாதப் பெண் குழந்தை நஸ்ரினுக்குப் பேதி. சாம்பிளைப் பாலிதீன் பையில் கொண்டுவந்திருந்தாள். பை ஒழுகி, ஜன்னல் கட்டையெல்லாம் தண்ணீர். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா இது? ஆஸ்பத்திரின்னு நெனச்சியா, வேற எதுனா நெனச்சியா? நாளைக்கி ஒழுங்கா கொண்டா" என்று துரத்தினேன்.

அடுத்த நாள் ஒழுங்காகக் கொண்டுவந்தாள். ஒழுகாத, சுத்தமான தீப்பெட்டி. மேலே நூல்கூடக் கட்டியிருந்தாள். திருப்தியாக வாங்கி வைத்தேன். டாக்டர் எழுதிய சீட்டில் 'தண்ணீராகப் போகிறது' என்று இருந்தது. சீட்டை நான் படிக்கவில்லை, தீப்பெட்டியைத் திறக்கவில்லை. டம்.

அந்த ஸ்டாம்ப் அங்கிருந்து என்ன வேலை பார்த்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓ.பி.யில் இருந்த சின்ன டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் போவுதுன்னு லேப்ல எழுதியிருக்காங்க. நீ தண்ணியாப் போவுதுங்கற. யார நம்பறது?" என்று கேட்டு, ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டில் மாமியார் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மருமகள் வேலைக்குச் சோம்பிக் கதை கட்டுகிறாள் என்றார். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையும் நிறுத்தினார்கள். புருஷனும் காகிதத்தைத்தான் நம்பினார். அச்சடித்த எழுத்துக்கு முன்னால் பெற்றவள் பேச்சு எடுபடவில்லை.

வியாழக்கிழமை காலை மதாம் என் டேபிளுக்கு வந்து, அந்த ரிப்போர்ட்டை முன்னால் வைத்தார்.

"இது நீங்க பாத்ததா?"

"ஆமா மதாம்."

"இந்தக் கொழந்த இப்ப வார்டுல இருக்கு. அரிசி கழுவின தண்ணி மாதிரி போவுது. நாலு நாளா இப்படித்தான்னு அம்மா சொல்றாங்க. முந்தாநாள் கெட்டின்னு உங்க ஸ்டாம்ப் சொல்லுது. நீங்க தொறந்து பாத்தீங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. "பாக்கல, மதாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் வைத்திருந்த கணக்கெல்லாம் தாண்டிப் போயிற்று. பிறகு மாட்டிக்கொண்டு, "கோட்டப் போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

லேபுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் நடுவே இருபத்திரண்டு படி. பத்தொன்பது வருடத்தில் நான் அவற்றில் ஏறியதில்லை. நஸ்ரினைப் பார்த்தேன். கண் குழிக்குள் போயிருந்தது. வயிற்றுத் தோலை மதாம் கிள்ளிவிட்டார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. குழந்தை அழுவதற்கு வாயைத் திறந்தது, சத்தமும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் இரண்டு நர்சுகள் கையிலும் காலிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஷமீமாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்கதானே சார் ஒழுங்கா கொண்டாரச் சொன்னீங்க. அதான் தீப்பெட்டில எடுத்தாந்தேன்" என்றாள்.

"அன்னிக்கி தீப்பெட்டில இருந்தது இவளுதா?" என்று மதாம் கேட்டார்.

"இல்ல டாக்டரம்மா. பெரியவன் அன்வருது. இவளுது தண்ணியா இருக்குதே, தீப்பெட்டில எப்பிடி நிக்கும்? மொத நாளு ஒழுகிடிச்சின்னு சார் திட்டினாரு. கவருமெண்டு ஆஸ்பத்திரிக்கி அசிங்கமா எடுத்தாந்தா நல்லா இருக்காதேன்னு, பெரியவனுது நல்லா கெட்டியா இருந்திச்சி, அத எடுத்தாந்தேன். ரெண்டும் நான் பெத்ததுதானே சார். ஒரே ரத்தம்தானே."

அன்வருக்கு நான்கு வயது, ஆரோக்கியமான பையன். என் ஸ்டாம்ப் அவனைப் பற்றிச் சொன்ன அத்தனையும் உண்மை. என் சர்வீஸில் பார்க்காமல் கொடுத்து மிகச் சரியாக அமைந்த ரிப்போர்ட் அதுதான்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள் கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஊசியை இறக்கி, அதன் வழியாக நீர் ஏற்றினார்கள். மெல்லிய ரப்பர் குழாயில் மதாமே சாம்பிள் எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கு நான் செய்த வேலையை இன்னும் கையால் உணர முடிகிறது. நடுவில் குழிந்த சிலைடு ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடியின் நாலு ஓரத்திலும் வாஸ்லின் தடவி, நடுவில் சாம்பிள் ஒரு சொட்டு வைத்து, குழிந்த சிலைடை அதன்மேல் கவிழ்த்து ஒட்டி, சட்டென்று திருப்ப வேண்டும். சொட்டு குழிக்குள் தலைகீழாகத் தொங்கும். அதன் விளிம்பில்தான் பார்வையை நிறுத்த வேண்டும். இரண்டு தடவை சொட்டு வழிந்துவிட்டது. பின்னாலிருந்து மதாம், "தூஸ்மா, தூஸ்மா" என்றார். மெதுவாக என்று அர்த்தம். மூன்றாவது தடவை நின்றது.

தெருவிளக்கைச் சுற்றும் கொசுக்கூட்டம் மாதிரி கிருமிகளின் ஓட்டம். பாய்வதும் திரும்புவதுமாக விளிம்பு முழுக்க அடைத்துக்கொண்டு ஓடின. நான் நகர்ந்து மதாமுக்கு இடம் கொடுத்தேன். அவரும் பார்த்தார். கிருமி வளர்க்கும் தட்டில் சாம்பிளைப் பூசி வைத்தோம். மறுநாள் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். அதில் ஒன்றைப் பரிசோதனைச் சீரம் ஒரு சொட்டில் கலந்ததும் திரிந்த பால் மாதிரி கட்டிக்கொண்டது. காலரா.

அந்த இரண்டு நாளும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி நான் இருபத்திரண்டு படியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை நான். படிக்கட்டுத் திருப்பத்தில் யாரும் இல்லாதபோது கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போனபோது ஷமீமா முகம் கழுவ வேண்டும் என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். பிள்ளையின் கண் கொஞ்சம் மேலே வந்திருந்தது. என்னைப் பார்த்தது. அப்புறம் என் வெள்ளைக் கோட்டின்மேல் சுடச்சுட ஒன்றுக்குப் போனது. பக்கத்துக் கட்டில் அம்மா, "ஒண்ணுக்குப் போயிடிச்சி, போயிடிச்சி" என்று வார்டுக்கே சொன்னாள். நர்ஸ் ஓடி வந்து என் கோட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். உடம்பில் நீர் ஏறிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது. நான் வார்டின் நடுவே நின்று அழுதேன்.

இதற்குள் அதே தெருவிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். மதாம் ரிப்போர்ட்டில் 'காலரா' என்று எழுதி மேலே அனுப்பினார். சனிக்கிழமையே கூட்டம் போட்டார்கள். ஃபைல் தூக்க ஆள் வேண்டும் என்று நானும் போனேன். மூன்று அதிகாரிகள், முந்திரி பிஸ்கட், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். தெருக் குழாய்த் தண்ணீர் மிகவும் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொறுப்பானவர், பாட்டிலிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்.

தலைமை அதிகாரி பதமாகப் பேசினார். "மதாம், அந்த வார்த்த வேணாமே. டூரிஸ்ட் சீசன். 'கடுமையான வயிற்றுப்போக்கு'ன்னு போட்டா எல்லாம் அதுக்குள்ள வந்துடும்."

"தாராளமா மாத்திடறேன், சார்" என்றார் மதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பேனாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை அதிகாரி பக்கம் நகர்த்தினார். "லேப்ல காலராக் கிருமி வளந்திருக்கு, ஆனா வேற பேர் எழுதணும்னு எனக்கு எழுத்துல குடுத்துடுங்க. உடனே மாத்திடறேன்."

தாள் மேஜையில் கிடந்தது. அதிகாரி அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார். தாளைத் தொட ஒருவரும் இல்லை.

"யானத்துல ஒரு போஸ்ட் ரொம்ப நாளா காலியா இருக்கு, மதாம்" என்றார் அதிகாரி கடைசியில். எங்கள் யூனியன் பிரதேசத்தில் மேலிடத்துக்குப் பிடிக்காதவர்களை அனுப்பிவைக்க ஆந்திராவுக்குள் ஓர் ஊரைப் பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"அதையும் எழுத்துல குடுங்க, சார்" என்றார் மதாம்.

வார்த்தை மாறவில்லை. திங்கட்கிழமை அந்தத் தெருவைத் தோண்டினார்கள். மிகவும் நன்றாக இருந்த தண்ணீர்க் குழாய், சாக்கடைக்குள் படுத்துக்கொண்டு விரிசல் வழியாக அதைக் குடித்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றினார்கள். ஆறு மாதத்தில் யானம் ஆர்டரும் எழுத்தில் வந்தது. பதவி உயர்வு என்று போட்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால், நஸ்ரினை வீட்டுக்கு அனுப்பிய நாள். ஷமீமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கம்மா என்று சொல்லத் தயாரானேன். அவள் கசங்கிய அந்தப் பழைய ரிப்போர்ட்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"இத மாத்திக் குடுங்க சார்."

"அதான் கொழந்த நல்லாயிடிச்சே. இனிமே இது எதுக்கும்மா?"

"நான் பொய் சொன்னேன்னு இதுல எழுதியிருக்குதுன்னு சொல்றாங்க சார். புள்ளைய நாந்தான் சரியா பாத்துக்கலன்னு இன்னமும் எங்க மாமியார் சொல்லிகினு இருக்காங்க. இவுரும் கேட்டுகினு இருக்காரு. நீங்க எழுத்துல குடுங்க."

சனிக்கிழமை மேஜையில் கிடந்த வெள்ளைத் தாள் என் கண் முன்னால் வந்தது. எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், இன்க்ரிமென்ட் போகும். மதாமே என்னிடம் அதுவரை எழுத்தில் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் போதும், விஷயம் மறைந்துவிடும். ஷமீமா நகரவில்லை. குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

தாள் எடுத்துத் தமிழில் எழுதினேன். "நஸ்ரின் என்ற குழந்தையின் மலத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்ததாக முத்திரை குத்தினேன். தண்ணீராகப் போகிறது என்று தாய் சொன்னது உண்மை." கீழே பெயர், பதவி, கையெழுத்து.

"சீல் வையிங்க சார். சீல் இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

என் மேஜையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டாம்ப். அதை இழுப்பறையில் தள்ளி மூடிவிட்டு மதாம் அறைக்குப் போனேன். அவர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். ஆஸ்பத்திரியின் வட்ட சீலை எடுத்து, மையில் ஒற்றி, அழுத்தி வைத்தார். "இத நீங்க பாத்துதான் எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்து கொடுத்தபோது ஷமீமா, "எனக்குப் படிக்கத் தெரியாது சார். படிச்சிக் காட்டுங்க" என்றாள். படித்தேன். கேட்டுக்கொண்டே குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"இன்னொரு தடவ படிங்க சார்."

"ஏம்மா, புரியலியா?"

"புரிஞ்சிது சார். கொஞ்சம் சத்தமா படிங்க. அவுரும் எங்க மாமியாரும் வெளிய வராண்டாவுல நிக்கிறாங்க."

எழுந்து நின்று படித்தேன். நான் பார்க்கவில்லை என்ற வரியை வராண்டா பக்கம் திரும்பிப் படித்தேன். அதை மட்டும் மறுபடியும் சொன்னேன். வராண்டாவில் நின்ற இருவருக்கும் கேட்டது. கையில் தீப்பெட்டியோடு ஜன்னலில் நின்ற வரிசை முழுவதற்கும் கேட்டது.